அப்பாயியின் கூறைப்புடவை என்ன நிறம்?

கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பெரிய வசதி உண்டு. யாரும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. புடவை சிவப்பா பச்சையா, கோட்டு சொந்தமா இரவலா, பொண்ணு மாநிறமா கறுப்பா... எல்லாமே சாம்பல் நிறத்தில் சமாதானமாக இருந்துவிடும். கலர் போட உட்காரும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்துபோனார். முதல் வருஷ நினைவு நாளுக்கு ஹாலில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்றார் பெரியப்பா. அப்பாயியும் தாத்தாவும் சேர்ந்து இருக்க வேண்டும், கலரில் இருக்க வேண்டும், கீழே கல்யாண வருஷம் போட வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கல்யாணப் படம், உள்ளங்கை அளவு. நான் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது (நம் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கம்ப்யூட்டர் படித்தால் பிரிண்டர் ரிப்பேரிலிருந்து ஜாதகம் வரைக்கும் நம் துறைதான்!).

கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டேன். 1961 என்றார் பெரியப்பா. 1965 என்றார் அப்பா. புடவை என்ன நிறம் என்று கேட்டேன். இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, "நான் என்ன அந்தக் கல்யாணத்துக்கா வந்தேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

சரி, உடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இணையத்தில் தேடினேன். பழைய கல்யாணப் படங்களுக்குத் தேதி குறிப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் நிறையவே கிடைக்கிறது. அவர்களுக்கு இது சுலபம். 1840 பிப்ரவரியில் விக்டோரியா மகாராணி வெள்ளை உடையில் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு மணப்பெண்ணுக்கு வெள்ளை என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. 1920களில் கவுன் மேலே ஏறியது, முக்காடு நெற்றிக்கு இறங்கியது. 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்து 1949 வரை நீடித்தது. அந்த வருஷங்களின் படங்களில் இரவல் கவுன்களையும், சாதாரண கோட்டும் ஸ்கர்ட்டும் போட்ட மணப்பெண்களையும், பாராசூட் துணியில் தைத்த கவுன்களையும்கூடப் பார்க்கலாம். 1947-ல் இளவரசி எலிசபெத்தின் கல்யாண உடைக்கே ரேஷன் கூப்பன் கணக்கு இருந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு கவுன் என்று வரிசையாக அடுக்கிவிடலாம்.

நம் ஊர்க் கல்யாணப் பெண்ணிடம் இந்த வித்தை பலிக்காது. ஏனென்றால் நம் கல்யாண உடையின் வேலையே மாறாமல் இருப்பதுதான். அப்பாயி கட்டியிருப்பது கூறைப்புடவை. மாயவரத்தை ஒட்டிய கூறைநாட்டு நெசவு, பட்டும் பருத்தியும் கலந்தது, உடம்பெல்லாம் கட்டம் போட்டது. படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் கட்டம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அப்பாயியின் அம்மா கட்டியதும் அதே கட்டம்தான். அதை வைத்து 1930 என்றும் சொல்லலாம், 1970 என்றும் சொல்லலாம்.

அதனால் நான் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சடங்குக்கு உரியதைப் பார்க்காதே, சடங்கு கண்டுகொள்ளாததைப் பார். முகூர்த்தப் புடவையும் மாலையும் நெற்றிச்சுட்டியும் பெரியவர்கள் தீர்மானிப்பவை. ரவிக்கையின் கை நீளம், தலை முன்பக்கம் வாரியிருக்கும் விதம், மீசை, காலர், இவையெல்லாம் அந்தந்த வருஷத்துப் பிள்ளைகள் சினிமா பார்த்துத் தீர்மானிப்பவை. உங்கள் வீட்டுப் படங்களுக்கும் உதவும் என்பதால் நான் பயன்படுத்திய அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ரவிக்கை: 1940களின் படங்களில் தோளில் புஸ்ஸென்று உப்பிய பஃப் கை அடிக்கடி வரும். 60களில் கை உடம்போடு ஒட்டிக் குட்டையாகிறது.

மீசையும் கிருதாவும்: 50களிலும் 60களிலும் ஜெமினி கணேசன் பாணியில் கோடு போட்ட மாதிரி மெல்லிய மீசை. காதுக்குக் கீழே இறங்கிய கிருதா இருந்தால் பெரும்பாலும் 70கள்.

காலரும் பேண்ட்டும்: 60களில் காலை ஒட்டிய குழாய் பேண்ட். 70களில் நாய்க்காது மாதிரி நீண்ட காலர், கீழே பெல்பாட்டம்.

துணி: உடம்போடு வழுக்கி விழும் நைலக்ஸ் புடவை 60, 70களின் மோகம். கல்யாணப் பெண் கட்டமாட்டாள், பின்வரிசை அத்தைகள் கட்டுவார்கள். குழுப் படம் கிடைத்தால் முதலில் மணமக்களை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். நல்ல சாட்சிகள் அங்கேதான் நிற்பார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரு புதுப் பொருள் படத்தில் இருந்தால் "இந்த வருஷத்துக்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும். பெல்பாட்டம் இல்லை என்பதற்காக 70களுக்கு முந்திய படம் என்று சொல்ல முடியாது. போடாதவர்கள் நிறையப் பேர். இரண்டு, கிராமத்துக்கு சினிமா வர ஆறு மாதம் ஆனால் சினிமா ரவிக்கை வர ஆறு வருஷம் ஆகும்.

இப்போது எங்கள் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அப்பாயி பக்கத்தில் நிற்கிறார். பின்னால் மாடிப்படியும் தூணும் வரைந்த திரை. அப்பாயியின் ரவிக்கைக் கை ஒட்டிப் பிடித்து முழங்கைக்கு மேலே நிற்கிறது. ஆகவே 60கள் என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கு மெல்லிய மீசை, கிருதா இல்லை. அதுவும் ஒத்துப் போகிறது. ஆனால் வேட்டிக்கு மேலே அவர் போட்டிருக்கும் கோட்டு? இரண்டு வரிசைப் பித்தான், அகலமான கழுத்து மடிப்பு. அது 40களின் கோட்டு! கையோ விரல் நுனி வரை இறங்கியிருக்கிறது. ஒரே படத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் இருபது வருஷ இடைவெளி.

படத்தின் ஓரம் அலை அலையாக வெட்டியது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை, "மாயவரம்" என்று இருக்கிறது, பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பைப் பத்து வருஷம் தேய்க்கிற ஊர் நம் ஊர் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் மொய் நோட்டு கிடைத்தது. தேதி எழுதும் முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது (கரையானுக்கு எது முக்கியம் என்று நன்றாகவே தெரியும்). மிச்சப் பக்கங்களில் தொகைகள் ரூபாய், ந.பை. என்று இருந்தன. நயா பைசா! 1957 ஏப்ரல் 1-ல்தான் ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு வந்தது. அதற்கு முன்னால் என்றால் அணாவில் எழுதியிருப்பார்கள். 1964 ஜூனில் "நயா" என்ற அடைமொழியை அரசு எடுத்துவிட்டது. ஆகக் கல்யாணம் 1957-க்கு முன்னால் இல்லை, அநேகமாக 60களின் நடுவுக்குப் பின்னாலும் இல்லை. பெரியப்பாவின் 1961-ம் உள்ளே வருகிறது, அப்பாவின் 1965-ம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

பெரியப்பாவிடம் இன்னொரு ஆதாரம் இருந்தது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1964. "நானே 64-ல பொறந்தவன். அப்புறம் எப்படிடா 65-ல கல்யாணம்?" என்று அப்பாவை மடக்கினார். அப்பாவுக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த ஜூன் 1 இடித்தது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. வாத்தியார் ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவார். உங்கள் அப்பா, மாமாக்களின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருப்பார்கள்.

இதற்கு மேல் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் நகராது என்று, ஊரில் இருக்கும் சின்ன அப்பாயியிடம் போனேன். அப்பாயியின் கடைசித் தங்கச்சி. அக்கா கல்யாணத்தின்போது எட்டு, ஒன்பது வயது. "எந்த வருஷம் சின்ன அப்பாயி?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்குடி தெரியும், நான் என்ன கணக்கப்புள்ளையா?" என்றார். படத்தைப் பெரிதாக்கி லேப்டாப்பில் காட்டினேன். கோட்டைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இது ஒங்க தாத்தா கோட்டுன்னா நெனச்ச? ஸ்டூடியோக்காரன் கோட்டுடி. ஆணியில மாட்டி வச்சிருப்பான். வர்றவனுக்கெல்லாம் அதேதான்."

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கோட்டும் டையும் சீப்பும் பவுடர் டப்பாவும் தயாராக இருக்கும். ஆக அந்தக் கோட்டு தாத்தாவின் வயதைச் சொல்லவில்லை, ஸ்டூடியோவின் வயதைச் சொன்னது.

அதற்குப் பிறகு நான் வருஷம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. படத்தில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். நகையைக் காட்டினேன். "இதுல புதுசு ஒண்ணும் கெடையாது. எங்க அம்மா சங்கிலிதான். அப்ப புதுசா நகை செய்யக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லிட்டான். ஆசாரி வந்து எங்க அப்பாகிட்ட அழுதாரு" என்றார். இது தங்கக் கட்டுப்பாடு. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள். ஆக, 1963-க்கு முன்னால் இல்லை. பெரியப்பாவின் 1961 போயிற்று.

பிறகு சின்ன அப்பாயியே பேசிக்கொண்டு போனார். கோடை லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பஞ்சாயத்து ரேடியோவில் நேரு செத்துப்போன செய்தி சொன்னார்களாம். அது 1964 மே 27. ஆக அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. அப்பாவின் 1965-ம் போயிற்று. "அப்ப பெரியப்பா வயித்துல இருந்தாரா?" என்று கேட்டேன். "யாரு சொன்னா? அக்கா எங்கூட மாமரத்துல ஏறிக் காய் பறிச்சா. தனுஷ்கோடியப் புயல் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அப்பத்தான் மாசமா இருந்தா" என்றார். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். ஆகவே பெரியப்பா பிறந்தது 1965-ல்! 2024 மே மாதம் சான்றிதழ்ப்படி ஓய்வு பெற்ற மனிதரிடம், உங்களுக்கு இன்னும் எட்டு மாதச் சர்வீஸ் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

கல்யாணம் ஆவணி மாதம் என்பது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும். 1963 ஜனவரிக்கும் 1964 மே மாதத்துக்கும் நடுவில் வரும் ஆவணி ஒன்றே ஒன்றுதான். 1963 ஆவணி. சோபகிருது வருஷம்.

கதை இன்னும் முடியவில்லை. 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த படத்தில் அப்பாயியின் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அம்மா, "இது கல்யாணத்தன்னைக்கு எடுத்த படம் இல்ல" என்றாள். எப்படி? மஞ்சள் கயிற்றில் தாலிக்கு இரண்டு பக்கமும் குண்டு இருக்கிறது. எங்கள் வீட்டு வழக்கத்தில் கல்யாணத்தன்று வெறும் கயிறும் தாலியும்தான். மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும்போதுதான் குண்டும் காசும் சேரும். சின்ன அப்பாயியிடம் போனில் கேட்டோம். "ஆமா, தல தீபாவளிக்கு வந்தப்ப மாயவரத்துல கடைமுகம் பார்க்கப் போனோம். அப்ப எடுத்தது. பொட்டியிலேர்ந்து கூறைப்பொடவைய எடுத்துக் கட்டிக்கிட்டா" என்றார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மூன்றாம் மாதம் சரியாக வருகிறது. ஆக நாங்கள் அறுபது வருஷமாகக் கல்யாணப் படம் என்று சொல்லிவந்தது ஒரு திருவிழாப் படம்! கல்யாணத்தன்று கேமராவே இல்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், உடைகள் நேரடியாக ஒரு வருஷத்தையும் சொல்லவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தன. அவ்வளவுதான். பதில் ஒரு எழுபது வயதுப் பாட்டியிடம் இருந்தது.

இனி நிறம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் எவ்வளவு அடர்த்தி என்பதை வைத்து நிறம் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆரம்ப காலத்துப் பிளேட்டுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் தெரியும். 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். இந்த வகைக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். அப்போதும் சிவப்பு பதியாது. சிவப்புப் புடவை படத்தில் கறுப்பாக வரும், வானம் வெள்ளையாக வரும். எல்லா நிறமும் பதிகிற பான்குரோமாட்டிக் பிளேட்டுகள் 1906-ல் விற்பனைக்கு வந்தன, பரவலானது அதற்குப் பல வருஷம் கழித்து. அதிலும் ஒரு சிக்கல். அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வந்து நிற்கும். படம் மட்டும் கையில் இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

ஒன்றை மட்டும் பிரிக்கலாம், ஜரிகையை. வெள்ளை நூல் கரை எந்த மடிப்பிலும் வெள்ளையாகவே இருக்கும். ஜரிகை உலோகம் என்பதால் வெளிச்சம் நேராக விழும் மடிப்பில் பளிச்சென்றும், திரும்பிய மடிப்பில் இருட்டாகவும் தெரியும். அப்பாயியின் கரை ஒரே கரைதான், ஆனால் மூன்று மடிப்பில் மூன்று விதமாக இருக்கிறது. ஆகவே ஜரிகை.

முதலில் இணையத்தில் கிடைக்கும் ஒரு இலவசக் கருவியில் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பத்து நொடியில் கலர் வந்துவிட்டது. இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது சுவாரசியமானது. லட்சக்கணக்கான கலர்ப் படங்களை எடுத்து, நிறத்தை நீக்கிவிட்டு, "இதற்கு என்ன நிறம் இருந்திருக்கும்?" என்று கணினியை ஊகிக்கச் சொல்லிப் பழக்குவார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாங், ஐசோலா, எஃப்ரோஸ் மூவரும் 2016-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதன் சிக்கலைச் சொல்கிறார்கள். ஆப்பிள் சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தப்பு குறைவாக வரவேண்டும் என்று கணினி நினைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அழுக்கு நிறத்தைப் போட்டுவிடும். புல்லும் வானமும் சரியாக வரும், ஏனென்றால் உலகம் முழுக்கப் புல் பச்சை. புடவைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது.

அப்பாயியின் புடவை ஒருவிதமான நீலம் கலந்த பழுப்பாக வந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், அப்பாயி சிவப்பாக வந்தார். அதாவது நம் ஊர்ப் பேச்சில் "நல்ல செவப்பு". ரோஜாப்பூக் கன்னம். பெரியப்பா குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டதும் பாராட்டு மழை. "அத்தை எவ்ளோ லட்சணம்!", "சினிமா ஸ்டார் மாதிரி இருக்காங்க!" அப்பா மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அப்பாயி கறுப்பு. மாநிறம் இல்லை, புதுநிறம் இல்லை, கறுப்பு. அவர் வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார். நானும் அதே நிறம். "பாவம், அப்பாயி நிறம் வந்துருச்சு" என்று என்னைப் பார்த்துச் சொல்லாத உறவினர் கிடையாது. ஆகவே அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒவ்வொரு பாராட்டும் எனக்கு இரண்டு தடவை கேட்டது.

ஆனால் குற்றம் கணினி மேல் மட்டும் இல்லை. ஸ்கேனை உற்றுப் பார்த்தால் அப்பாயியின் முகம் அவர் கையைவிட நன்றாகவே வெளுத்திருக்கிறது. ஒரே வெளிச்சம், ஒரே உடம்பு, இரண்டு நிறம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவில் முகத்தின் மேல் கூரான பென்சிலால் மெல்லத் தீற்றுவார்கள். நெகடிவில் கறுப்புக் கூடினால் பிரிண்டில் வெளுப்புக் கூடும். பருவும் மறையும், நிறமும் ஏறும். பவுடரும் பாதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் பவுடர் இப்படி தாடையோரத்தோடு சுத்தமாக நிற்காது. கழுத்தில் ஒரு கோடு மாதிரி தெரிகிறது. கையைத் திருத்த அவருக்கு நேரமில்லை போலும். கல்யாணப் பெண் வெளுப்பாக இருந்தால் வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகக் காசு கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அறுபது வருஷம் கழித்துக் கணினியும் அதையே செய்தது, காசு வாங்காமல்.

உலக அளவிலும் இதற்குச் சரித்திரம் உண்டு. கலர் பிலிம் வந்த காலத்தில், பிரிண்ட் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் கொடுத்த மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. "ஷெர்லி கார்டு" என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். மற்றவர்கள் எப்படி வந்தாலும் அது அவரவர் தலையெழுத்து!

அதனால் கருவியை மூடிவிட்டு, கிம்ப் மென்பொருளில் கையாலேயே நிறம் போட ஆரம்பித்தேன். படத்துக்கு மேலே ஒரு லேயர், அதை கலர் மோடில் வைத்தால் கீழே உள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஏறும். சிரமமான வேலை இல்லை, பொறுமை வேலை. எனக்கு வேண்டியது நிறங்களின் பட்டியல். மறுபடியும் சின்ன அப்பாயி.

கூறைப்புடவை இப்போது இல்லை. "பழைய பட்டுப்புடவைக்குப் பாத்திரம்" என்று தெருவில் வந்தவரிடம் ஒரு எவர்சில்வர் தூக்குக்குப் போய்விட்டதாம். ஆறு விதச் சிவப்பை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். சின்ன அப்பாயிக்கு ஒரு கண்ணில்தான் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்டது மாதிரி, நிறத்தை மாற்றிக் காட்டும். ஆகவே ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும், வாசல் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். நான்காவது தாளைத் தொட்டார். அரக்கு. "நடுவுல மஞ்சக் கட்டம். ரவிக்கை பச்சை." நாலு நாள் கழித்துத் தாள்களைக் கலைத்து மறுபடி காட்டினேன். மறுபடி அதே தாள்.

"அக்கா நெறம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் கையை நீட்டினார். "என்னயவிட ஒரு சுத்து அதிகம். ஒங்கைய வை பாப்போம்." வைத்தேன். "இதாண்டி. இதேதான்."

ஜன்னல் பக்கத்தில் வைத்து என் கையைப் படம் எடுத்தேன். அப்பாயியின் நிறம் அதிலிருந்து எடுத்தது.

இதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. நிறம் மட்டும் போட்டால் போதாது, ஏனென்றால் பென்சில் ஏற்கெனவே வெளிச்சத்தையே மாற்றிவிட்டது. முகத்தைக் கையின் அளவுக்கு இறக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் திருத்தியதை நான் திருத்தினால், அதுவும் ஒரு திருத்தம்தானே? யோசித்துப் பார்த்து, ஸ்கேனைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, கலர்ப் பிரதியில் மட்டும் முகத்தைக் கையோடு சேர்த்தேன். எதை எதை மாற்றினேன், எதை யாரிடம் கேட்டேன், எது என் ஊகம் (திரையின் நிறம், தாத்தாவின் கோட்டு) என்று ஒரு பக்கம் எழுதி அந்தக் கோப்போடு வைத்திருக்கிறேன்.

படம் வந்த அன்று பெரியப்பா, "ஏம்மா இப்படி கறுப்பாக்கிட்ட? மொதல்ல வந்தது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார். "அது நல்லா இருந்துச்சு. ஆனா அது யாரோ. இது அம்மா." பெரியப்பா படத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சம்மதித்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். கீழே "சோபகிருது, ஆவணி 1963" என்று போட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் கோட்டு யாருடையது, புடவை அரக்கா பச்சையா என்பது எந்த ஸ்கேனிலும் வராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். அப்பாயி இருந்தபோது அந்தப் படம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அதில் கேட்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் லீவு. ஊருக்குப் போகிறவர்கள் பீரோவைத் திறந்து ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், கோபப்படுவார்கள். இந்தக் கோட்டு யாருது, இந்த ரவிக்கை எங்க தைச்சது, இந்த வளையல் இப்ப எங்க இருக்கு என்று கேளுங்கள். சொன்னதைப் படத்தின் பின்னால், பேனாவால் வேண்டாம், மை ஊறிவிடும், மிருதுவான பென்சிலால் லேசாக எழுதிவையுங்கள். யார் சொன்னது என்பதையும் சேர்த்து.